27 லிட்டர் கடல்

பிப்ரவரி 8
வீட்டில் பவளம் வளர்க்க, கொளத்தூரிலிருந்து கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 27 லிட்டர் பிடிக்கும். கல்லுக்கும் மணலுக்கும் போக 22 லிட்டர் நிற்கும். கடல்நீர்த் தொட்டிகளில் சிறியதுதான் கடினம். தண்ணீர் குறைவென்றால் சூடும் உப்பும் ஒரே பகலில் ஏறிவிடும். ராயபுரத்து மேற்கு வெயில் எங்கள் சன்னல் வழியே நேராக உள்ளே வரும் என்பதால் வடக்குச் சுவரோரம் வைத்தேன்.

பிப்ரவரி 10
"கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது. நீ காசு கொடுத்து உப்பு வாங்கி நல்ல தண்ணீரில் கொட்டுகிறாயே அம்மா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. விசைப்படகில் போகிறவர். ஆழத்தில் மொண்டு வந்து தருகிறேன் என்று அன்போடு சொன்னார். கரையோரத் தண்ணீரை எடுக்கவே முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததை இந்தப் பக்கம் யார் மறப்பார்கள்? ஆழ்கடல் நீரையும் கேனில் அடைத்து வைத்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கும். சமையல் உப்பும் உதவாது. பவளத்துக்குக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். அவை சேர்ந்த தொட்டி உப்பை, தாதுக்கள் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்தேன். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025. சரியான அளவு.

பிப்ரவரி 15
கல் வாங்கப் போன ஒரு கடையில் கடல் உயிர்கள் ஒட்டிய 'உயிர்ப்பாறை' என்று ஒன்றைக் காட்டினார்கள். அதன் மேல் பவளத்தின் நட்சத்திரக் குழிகள் தெளிவாகத் தெரிந்தன. தொடவில்லை. கல் போன்ற எலும்புள்ள கல்பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது, கடல்விசிறியும் கடற்குதிரையும்கூட. சட்டம் இல்லாவிட்டாலும் அதை வாங்க எனக்கு மனம் வராது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாகப் பாறையை வெட்டி எடுத்தார்கள். போதும். சுட்ட மண்ணால் செய்த துளைக்கற்களை எடுத்து வந்தேன்.

பிப்ரவரி 17
உயிர்களை விடுமுன் தொட்டியைப் பழக்க, காசிமேட்டு இறால் ஒன்றை உரிக்காமல் உள்ளே போட்டேன். அது அழுகி அம்மோனியா வரும்; அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லின் துளைகளில் குடியேறி அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு. இது நடந்து முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்.

மார்ச் 24
அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறியிருக்கிறது. புதுத் தொட்டிக்கு அது இயல்பு. பாதித் தண்ணீரை மாற்றினேன்.

மார்ச் 29
சோவாந்தஸ் என்னும் பவளத்தின் உறவுயிர் ஒரு கொத்து, காளான் பவளம் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டுக்கும் கல் எலும்பு கிடையாது. கையுறை போட்டுத்தான் ஒட்டினேன். சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டால், எழும் ஆவியே ஆளைச் சாய்த்துவிடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 2
விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்துச் சோவாந்தஸ்கள் திறந்தன! அதுவரை பழுப்புக் காம்புகளாக வாய்மூடி நின்றவை. முதலில் நுனியில் ஒரு சுருக்கம் தளர்ந்தது, பிறகு பச்சை விளிம்பு வெளியே மடிந்தது, கடைசியாகச் சுற்றிலும் மெல்லிய உணர்கொம்புகள். சட்டைப் பொத்தான் அளவு வட்டம். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீறல். அதுதான் வாய். நான் உணவு எதுவும் போடவில்லை. அதன் சதைக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகள் ஒளியைக் கொண்டு சமைத்துக் கொடுக்கின்றன. சூடு மிஞ்சினால் அந்தப் பாசிகளை இழந்து பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் நடந்தது அதுதான். இந்தச் சிறு உயிரைப் பார்க்கும்போது அந்தச் செய்தியின் கனம் தெரிகிறது.

ஏப்ரல் 26
தண்ணீர் 29 பாகையைத் தொட்டது. சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பினேன், 26.5க்கு இறங்கியது. நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. ஆனால் உப்பு போவதில்லை. தினமும் அரை லிட்டர் குறைகிறது. நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு 38ஐத் தாண்டிவிடும். ஆகவே குறைவதை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான். காலையும் மாலையும் கண்ணாடியில் போட்ட கோடு வரை ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் விசிறி இந்த அளவு பயன்படாது என்பதும் நினைவில் இருக்கிறது.

மே 3
அக்கா மகன் கோமாளி மீன் கேட்கிறான். இந்த அளவு தண்ணீரில் அதன் கழிவைத் தாங்க முடியாது. வெயில் காலத்தில் சூடான நீரில் உயிர்வளியும் குறைவு. துறவி நண்டு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னேன், ஒப்புக்கொண்டான். நண்டு வளர வளர வீடு மாற்றும். இப்போது சுமப்பதைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு காலி நத்தை ஓடுகள் வேண்டும். வலை உதறும் இடத்தில் பார்த்து வைக்கும்படி மாமாவிடம் கேட்டிருக்கிறேன்.