6-71 ப்ளோவரைப் பிரித்துக் கோத்த அனுபவம்

பழைய டிராக் ரேஸ் (நேர்கோட்டுக் குறுந்தூரக் கார்ப் பந்தயம்) பாகங்கள் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் ஹோலி கார்புரேட்டர், எடெல்பிராக் மேனிஃபோல்டு, ஹர்ஸ்ட் ஷிஃப்டர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். ஆனால் என் கண் ரொம்ப நாளாக ஜிஎம்சி 6-71 ப்ளோவர் மேல்தான் இருந்தது. ப்ளோவர் என்றால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. இந்த வசந்தத்தில் பென்சில்வேனியாவின் கார்லைல் பழைய கார் பாகச் சந்தையில் ஒன்று அகப்பட்டது. பின்னாளில் ரேஸுக்கென்றே வார்த்த கேஸ் (வெளிக்கூடு) இல்லை, டீசல் இன்ஜினிலிருந்து கழற்றிய பழைய அலுமினியக் கேஸ். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இது ரேஸுக்காகப் பிறந்த பொருளே அல்ல. 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 71 வரிசை டீசல் இன்ஜினின் உறுப்பு இது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதனால் 6-71. அது டூ ஸ்ட்ரோக் டீசல். காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்ள அதில் தனி ஸ்ட்ரோக் கிடையாது. லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) துளைகள் வழியாகப் புதுக் காற்றைத் தள்ளிப் பழைய புகையை வெளியேற்ற ஒரு ப்ளோவர் இருந்தே ஆக வேண்டும். பஸ், லாரி, இரண்டாம் உலகப் போரின் தரையிறங்கு படகு, ஷெர்மன் டாங்கி என்று எங்கும் இந்த இன்ஜின் ஓடியது. போர் முடிந்ததும் பழைய சாமான் கடைகளில் ப்ளோவர்கள் மலிந்தன. வேகக் கார் கட்டுபவரான பார்னி நவாரோ இதன் தம்பியான 3-71-ஐ ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் இன்ஜின் மேல் ஏற்றி வழி காட்டினார். அப்புறம் 6-71 வந்து டிராக் ஸ்ட்ரிப்பையே பிடித்துக்கொண்டது.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்துப் பயனில்லை. டார்ச்சை உள்ளே அடித்துக் கேஸ் சுவரைப் பார்க்க வேண்டும். உள்ளே சுழலும் ரோட்டர் உரசியிருந்தால் அலுமினியம் இழுபட்டிருக்கும், விரல் நகத்தை ஓட்டினால் சிக்கும். என்னுடையதில் மெல்லிய கோடுகள் மட்டும்தான். சீல்கள் செத்துப்போய் உள்ளே எண்ணெய்ப் பிசின் படிந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான்.

பிரித்ததில் ரசித்த இடம், ரோட்டர்களை இணைத்துச் சுழற்றும் டைமிங் கியர்கள். உள்ளே இருப்பவை திருகலாக முறுகிய, மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இடைவெளியைக் காப்பது கியர்கள்தான். கியர் பற்களும் சாய்வானவை, ஒன்று வலச்சாய்வு, மற்றது இடச்சாய்வு. அதனால் ஒரு கியரை மட்டும் புல்லர் (கழற்றும் கருவி) போட்டு இழுத்தால் அதன் பற்கள் எதிர் கியரைச் சுற்றிவிட்டு, ரோட்டர்கள் மோதிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில், சமமாக இழுக்க வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. இரண்டு புல்லர்களையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினேன். பொறுமையான வேலை.

புது பேரிங், புது சீல் போட்ட பிறகு இடைவெளி சரிபார்ப்பு. இடைவெளியை அளக்கும் நீளமான ஃபீலர் கேஜ் தகடுகளை ரோட்டர்களுக்கு நடுவே விட்டு, கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு இதழிலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் கியருக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைப்பது வழி. பல் சாய்வாக இருப்பதால் கியர் வெளியே நகரும்போது ரோட்டர் துளி திரும்பும். 0.002 அங்குல ஷிம் வைத்தால் ரோட்டர் 0.001 அங்குலம் நகரும் என்பது டீசல் மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. அளந்து பார்த்தேன், அப்படியேதான் வந்தது. எட்டு தசாப்தத்துக்கு முந்தைய வடிவமைப்பில் ஒரு சின்னத் தகடு இவ்வளவு துல்லியமாகச் சொன்னபடி கேட்பதைப் பார்க்கும்போது அந்த இன்ஜினியர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

கேஸைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வார்ப்பின் சொரசொரப்பும் பழைய எண் முத்திரைகளும்தான் இதன் வரலாறு. பாலிஷில் முதலில் போவது அவைதான். கெரசினில் கழுவி, பிரஷ் போட்டதோடு சரி.

இப்போது கையால் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுழல்கிறது. ஷெவர்லேயின் 327 ஸ்மால் பிளாக் இன்ஜின் மேல் உட்கார வைப்பது திட்டம், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) 8:1 பக்கம் வைத்து. கீழே கிராங்க் புல்லி, மேலே ப்ளோவர் புல்லி. இந்த இரண்டின் பல் எண்ணிக்கையை மாற்றினாலே பூஸ்ட், அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தம், ஏறும், இறங்கும். தெருவில் ஓட்ட, ப்ளோவர் கிராங்கைவிட மெதுவாகச் சுற்றும்படி வைத்தால் போதும். முன்பக்க ஸ்னவுட்டும் (ப்ளோவர் புல்லியைத் தாங்கும் மூக்குப் பகுதி) அறுபதுகளின் கில்மர் என்ற பல் பெல்ட் டிரைவும் இன்னும் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஹெர்ஷி சந்தைக்குப் போகும்போது முதலில் அவற்றைத்தான் தேடுவேன். மேலே வைக்கப் பழைய ஹில்பார்ன் எரிபொருள் இன்ஜெக்டர் ஒன்று கண்ணில் பட்டால் அதையும் விடப்போவதில்லை.