நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தால்

மலேசியாவில், செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ சாலைக்கும் ரயிலுக்கும் நிலம் எடுக்கும்போது நம்மவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தீர்மானித்த இழப்பீட்டைச் சொல்லி, ஏற்கிறீர்களா என்று கேட்கும் பாரம் எச்.

1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி, எடுக்கப்போவதை பாரம் டி அறிவிக்கும். அதிலிருந்து 2 ஆண்டுக்குள் இழப்பீடு தீர்மானிக்கப்படாவிட்டால் எல்லாம் காலாவதி. பிறகு பாரம் இ மூலம் விசாரணைக்கு அழைப்பார்கள். அதற்குக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். தனியார் மதிப்பீட்டாளர் அறிக்கை, அக்கம்பக்கத்து விற்பனை விலைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். மதிப்பு இன்றைய விலையில் அல்ல. நிலம் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லும் பாரம் ஏ அறிவிப்பு வந்து 12 மாதத்துக்குள் டி வந்திருந்தால், ஏ வெளியான நாளின் விலைதான். பாதி நிலம் போய் மீதி துண்டாகி நின்றால் அந்த நட்டத்தையும், வீடு மாறும் செலவையும் எழுதிக் கேளுங்கள். கேட்காததை யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

கிராண்ட் (நிலப் பட்டா) இன்னும் இறந்த அப்பா பெயரில் இருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். இன்றே மாற்றுங்கள்.

பாரம் எச்சில் 'ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்' என்ற பகுதியில், ஆட்சேபம் தொகை மீது என்று குறிப்பிட்டு அடையாளமிடுங்கள். பணமும் வரும், வழக்குரிமையும் நிற்கும். வெறுமனே ஏற்றால் கதவு மூடிவிடும். அடுத்து, ஆட்சேபத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கும் பாரம் என்: தீர்மானம் சொன்னபோது நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே இருந்திருந்தால், அன்றிலிருந்து 6 வாரம்தான் அவகாசம்.