பின்பக்கத்தைக் காட்டும், பிள்ளை

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன மாதம் வகுப்புத் தோழி ஒருத்தியின் வேலைக்கூடத்தில் முழு நாளும் இருந்துவிட்டு வந்தபிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. அவள் இப்போது உடை வடிவமைப்பாளர். மூன்று தொகுப்புகள்தான் வெளியிட்டிருக்கிறாள், ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பது உடைகள், அவ்வளவும் கைவேலை. பெயர் போடவேண்டாம், உடையைப் பற்றி எழுது என்றாள். எங்களோடு படித்தவர்களுக்கு ஆள் யாரென்று எப்படியும் தெரிந்துவிடும்.

தையல் பாடம் தொடங்கியதும் வாங்கை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வாளே, அவள்தான். அவள் கைவேகம் உள்ளவள் என்று நினைக்கவேண்டாம், வகுப்பிலேயே மெதுவானவள். காரணம் தையல் ரீச்சர். துணியைக் கொண்டுபோய் நீட்டினால் ரீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "பின்பக்கத்தைக் காட்டும், பிள்ளை" என்பார். பின்னால் முடிச்சு இருக்கக்கூடாது, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் பாய்ந்திருக்கக்கூடாது, நூல் முனை முன்பே போட்ட தையல்களுக்கு அடியில் ஓடி மறைந்திருக்கவேண்டும். யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் சலித்துக்கொள்வோம். இவள் மட்டும் இரண்டு தையலுக்கு ஒரு தடவை துணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தையல் அறை அலுமாரிக் கதவில் ரீச்சர் ஒட்டிவைத்திருந்த படம் நினைவிருக்கிறதா? 1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவில் அணிந்த வெள்ளை சாட்டின் உடை, நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்தது. அதில் இங்கிலாந்தின் ரோஜா, கனடாவின் மேப்பிள் இலை என்று ஒவ்வொரு நாட்டின் அடையாளமும் பூவேலையில் இருந்தது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை. அந்தத் தாமரையை விரலால் தொட்டுத் தொட்டு எங்களுக்குக் காட்டுவார். பாவாடையின் இடப்பக்கத்தில், அரசியின் கை படும் இடத்தில், நல்லதிர்ஷ்டத்துக்காக நான்கு இதழ் ஷாம்ராக் இலை ஒன்றை அவருக்கே சொல்லாமல் தைத்துவைத்தார்களாம். படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இவள் அந்தப் படத்தின் முன்னால் நின்று அதைத்தான் தேடுவாள்.

சரி, வேலைக்கூடத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு நீளச் சட்டம், அதில் மெல்லிய ஆர்கன்சா துணி மேளத்தோல் போல இறுக்கிக் கட்டியிருக்கிறது. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கொக்கி ஊசியால் குத்திக் குத்தி எடுக்கிறார்கள். இந்தக் கொக்கி ஊசிப் பூவேலை, ஆரி வேலை, இன்று நம்மவர் எல்லோருக்கும் ரவிக்கையில் பார்த்துப் பழகியதுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தவர் செருப்புத் தைக்கும் ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்ததில் வளர்ந்த கலை அது. கொக்கியால் தைக்கும் வேலை 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து பிரான்சுக்குப் போனது, பிறகு அங்கே லூனேவில் என்ற ஊரில் மணி கோப்பதற்கென்று ஒரு முறையாக மாறியது. அந்த முறையில் துணியின் பின்பக்கம்தான் தைப்பவரைப் பார்த்து இருக்கும். மணிகள் நூலில் கோத்தபடி அடியில் தொங்கும், மேலிருந்து கொக்கி இறங்கி ஒவ்வொரு மணிக்கும் பின்னால் நூலைப் பிடித்து இழுத்து வரும். சட்டத்தைத் திருப்பும்வரை முன்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று தைத்தவருக்கே தெரியாது, விரல் சொல்வதை நம்பவேண்டும். இதை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் ரீச்சரின் பெயரைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

சர்தோசி என்ற உலோக இழைப் பூவேலையும் அவள் உடைகளில் நிறைய உண்டு. பாரசீகத்தில் சர் என்றால் தங்கம், தோசி என்றால் தைத்தல். அந்த உலோக இழையைத் துணிக்குள் இழுக்கவே கூடாது, இழுத்தால் உரிந்துவிடும். மேலே கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பட்டு நூலால் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டே போவார்கள். சுருள் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி மணி மாதிரிக் கோப்பதும் உண்டு, அடியில் பருத்தி நூல் மெத்தை வைத்தால் பூ துணியைவிட்டு எழுந்து நிற்கும். அவளுடைய நீல நிற நீளச் சட்டை ஒன்றில் தோளிலிருந்து இறங்கும் தாமரைக்கொடி முழுக்க இப்படித்தான். நான் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக, மேடுபள்ளமாக இருந்தது.

அவள் இங்கே நேராக வந்துவிடவில்லை. முதலில் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் பல வருடம் வேலை. பழைய பூவேலைகளைப் படம் எடுத்து இயந்திரத் தையலுக்கு மாற்றிக்கொடுப்பதுதான் வேலை, யாருடைய கையிலிருந்து வந்த பூ என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் அவளைத் துரத்தியது. வெளியே வந்து செய்த முதல் உடை தோல்வி. மெல்லிய துணியில் கண்ணாடி மணியை அள்ளிப் போட்டுவிட்டாள், மாட்டி வைத்த இரண்டாம் நாள் பாரத்தில் துணி இழுபட்டு முன்புறம் முழுக்கத் தொய்ந்துவிட்டது. அப்புறம்தான் அடித்துணி கொடுப்பது, பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்கும் பிரித்துவிடுவது எல்லாம் படித்தாள். சீன வடிவமைப்பாளர் குவோ பெய் செய்து 2015இல் பாடகி ரிஹானா அணிந்த மஞ்சள் மேலங்கி 25 கிலோ. அதன் படத்தைச் சுவரில் ஒட்டி, அந்தப் பாரம் உடம்பில் எங்கே எங்கே இறங்கும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். 2020 ஜனவரியில் ராகுல் மிஸ்ரா பாரிஸில் உயர்ரகக் கைவேலை உடைகளுக்கான ஹோட் கூட்டூர் வாரத்தில் காட்சி நடத்திய முதல் இந்திய வடிவமைப்பாளர் ஆனபோது விடிய விடிய எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கைவேலையை நம்பி அவ்வளவு தூரம் போகலாம் என்று அன்றுதான் நம்பினாளாம்.

இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஒரு முன்கையில் மட்டும் மூன்று பேருடைய பதினொரு நாள் இருக்கிறது, அதை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் செய்யும் ஒவ்வொரு உடையிலும் உள்துணியில் ஓரிடத்தை வெட்டித் திறந்து விடுகிறாள், உள்ளங்கை அளவு. அதன் வழியாகப் பூவேலையின் பின்பக்கம் தெரியும், பக்கத்தில் தைத்தவர்களின் பெயர்கள் சின்ன எழுத்தில், அதுவும் கையால் தைத்தது. வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள் என்றாள்.

அடுத்த தொகுப்புக்கு அவள் எடுத்திருப்பது நம் தையல் மாதிரிக் கொப்பி. மீன்முள், சங்கிலி, கம்பளித் தையல், பிரெஞ்சு முடிச்சு என்று பக்கத்துக்கு ஒரு துணித்துண்டாக ஒட்டினோமே, அதே வரிசையில் ஒன்பது உடைகள். அவளுடைய கொப்பி வீடு மாறியதில் தொலைந்துவிட்டது, என்னுடையதில் ஆறு பக்கம்தான் மிச்சம். ரீச்சரிடம் படித்த யாரிடமாவது கொப்பி இருந்தால் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள், நான் சேர்த்துக் கொடுக்கிறேன். துணித்துண்டுகளைக் கவனமாகக் கழற்றி, பின்பக்கத்தையும் எடுங்கள்.