மறைக்கப் பழகிய காலைக் காட்டச் சொன்ன நாள்

தில்லி ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரின் படிகளில் ஏறும்போதெல்லாம், "குதிகால ஊனி வைடா, நாலு பேர் பாக்குறாங்க" என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் வந்ததால் என் இரண்டு கால்களும் இறுகியவை. அந்த இறுக்கம் வெளியே தெரியாதபடி நடக்க இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பழகியிருந்தேன். பாரா மிதிவண்டிப் பந்தயத்துக்காக, உடல் பாதிப்பைச் சோதித்து வீரர்களைப் பிரிவுகளில் சேர்க்கும் வகைப்பாட்டின்போது அந்தப் பழக்கமே எனக்கு எதிராக நின்றது.

இந்த விளையாட்டில் இரு சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு சி1 முதல் சி5 வரையிலும், சமநிலை போதாமல் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு டி1, டி2 என்றும் பிரிவுகள் உண்டு. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம் என்று பொருள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓட்டிய அர்ஷத் ஷேக், ஜோதி கடேரியா இருவரும் சி2 பிரிவினர். அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை பிறந்தது என்பதால், நானும் சி பிரிவுதான் என்று முடிவே கட்டியிருந்தேன். தெருவில் இரு சக்கர வண்டி ஓட்டுவேன். வளைவுகளில் விழுவதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடங்கல் காகிதத்தில் வந்தது. என் அரசுச் சான்றிதழில் 'இயக்கக் குறைபாடு, 60 விழுக்காடு' என்றுதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தை அந்தத் தலைப்பின்கீழ்தான் வைத்திருக்கிறது என்பதால் அதில் பிழை ஏதுமில்லை; ஆனால் ரயில் சலுகைக்குப் போதுமான அந்த வரி வகைப்பாட்டுக்குப் போதாது. விழுக்காட்டை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. நோயின் பெயர் என்ன, தசை இறுக்கமா, தள்ளாட்டமா, கட்டுப்பாடின்றி நெளியும் அசைவா என்பதை நரம்பியல் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நான் போன மருத்துவமனையில் முதலில் 'நடப்பதில் சிரமம்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார்கள். சரியான கடிதம் கைக்கு வர மூன்று முறை அலைந்தேன்.

பரிசோதனை ஒரு ஜனவரிக் காலையில் நடந்தது. தில்லிக் குளிரில் என் கால்கள் பலகையாகிவிடும். மருத்துவர், இயன்முறை மருத்துவர், விளையாட்டு நுட்பம் அறிந்தவர் என மூவர் இருந்தனர். இயன்முறை மருத்துவர் என் முழங்காலை மெதுவாக நீட்டியபோது இணங்கிய கால், வேகமாக நீட்டியதும் பாதி வழியில் பூட்டிக்கொண்டது. பிறகு அவர் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி அழுத்தியதும், அது தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல் தானாகவே அடிக்கத் தொடங்கியது. கட்டிலில் விரித்திருந்த தாள் சரசரத்தது. என்னையறியாமல் கையால் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அடக்காதீர்கள், அதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்" என்றார் அவர். உள்ளதைவிட மோசமாகக் காட்டி ஏமாற்றினால் தடை விதிப்பார்கள் என்று படித்துப் பயந்து போயிருந்தவனுக்கு, உள்ளதைக் குறைத்துக் காட்டி நிற்போம் என்று தோன்றவேயில்லை.

அடுத்ததாக வண்டியில் ஏறச் சொன்னார்கள். கூம்புகளைச் சுற்றி வரும்போது இரண்டாம் திருப்பத்தில், வழக்கம்போல, விழுந்தேன்.

முடிவுச் சீட்டில் டி2 என்று எழுதி, பக்கத்தில் 'மறுஆய்வுக்கு உரியது' என்று குறித்திருந்தார்கள். அன்று மாலை முழுவதும் நான் யாருடனும் பேசவில்லை. மூன்று சக்கர வண்டி சிறுபிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் அதில் ஏறிய முதல் வாரத்திலேயே போய்விட்டது. வளைவில் உட்பக்கச் சக்கரம் தூக்கும். உடலை அந்தப் பக்கம் முழுவதும் சாய்த்துத் தொங்கினால்தான் வண்டி கவிழாது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. டி பிரிவுக்குச் சாலைப் பந்தயமும் தனிநபர் நேரப் பந்தயமும் மட்டுமே உண்டு, உள்ளரங்க மிதிவண்டி ஓடுதளப் போட்டி கிடையாது. ஆகவே இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மரத்தள ஓடுதளத்துக்கு நான் பார்வையாளனாகத்தான் போகிறேன்.

மறுஆய்வுக்கான கோப்பைத் தயாராக வைத்திருக்கிறேன். மலை மந்திரில் அம்மா இப்போதும் அதையேதான் சொல்கிறார்.