21 என்று படித்தேன், அது 74

குமுளியில் ஜீப் ஓட்டலாம் என்று லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினேன். அதற்குக் கண் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அருகில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டங்கள் உள்ள புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் 12. சரியாகச் சொன்னேன். இன்னொரு பக்கத்தில் 21 என்றேன். "அது 74" என்றார். அப்புறம் பல பக்கங்களில் எனக்கு வெறும் புள்ளிகள்தான். "கலர் பிளைண்ட். லைசென்ஸ் கிடைக்காது." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும்போது என் முறத்தை மட்டும் அம்மா வாங்கி மறுபடி பார்ப்பார். நல்ல பச்சைக் காயோடு வெளுத்த காயையும் சேர்த்துவிடுவேன். கவனமே இல்லை என்று எத்தனை திட்டு! கண் வலிக்கும் அளவுக்குக் கவனித்துத்தான் பிரித்திருக்கிறேன்.

மனசு கேட்காமல் மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெரிய கண் மருத்துவமனையில் பொறுமையாகப் பார்த்தார்கள். அந்தப் புத்தகம் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்டது. குறை இருப்பதை அது காட்டிக்கொடுக்கும், எவ்வளவு குறை என்று அளப்பதற்கு அது போதாது என்றார் டாக்டரம்மா. அதனால் 15 வண்ண வில்லைகளைக் கொடுத்து, நிறம் மாறும் வரிசையில் அடுக்கச் சொன்னார். பக்கத்துப் பக்கத்து வில்லைகள் இரண்டு மட்டும் இடம் மாறின. குறை லேசானதுதான் என்றார்.

பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள். அவை மூன்று வகை: ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள ஒளிக்கும், மற்றவை 530, 560க்கு அருகேயும் அதிகம் தூண்டப்படும். ஒரே ஒரு வகையை வைத்து நிறம் தெரியாது. எது கூட, எது குறைவு என்று ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை அறிகிறது. என் கண்ணில் 530 வகை, 560 பக்கமாக நகர்ந்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சேதியை அனுப்புவதால் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் மங்கிவிடுகிறது. நீலமும் மஞ்சளும் எனக்குத் தெளிவு. இதைக் குருடு என்று சொல்வது எவ்வளவு தப்பு!

2020 ஜூனில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் ஓட்டலாம் என்று ஆக்கிவிட்டார்களாம். முதல் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழுக்கான 1ஏ படிவத்தில் கையெழுத்து வாங்கினேன், டெஸ்டும் பாஸானேன். சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடமும் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் குறைக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், எனக்கு அம்மா வழியாக வந்தது. இதைக் கேட்டதும் அம்மா, "எங்கப்பாவும் பழுத்த மிளகாயைச் செடியில் விட்டுட்டு வருவாரேடா" என்றார். அக்காவிடமும் அந்த ஜீன் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் பையனுக்கு ஆறு வயது. வகுப்பில் இலைக்குப் பழுப்பு பூசியதற்காக அடி வாங்கியிருக்கிறான். இந்த லீவில் அவனை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன்.