கென்யா, தான்சானியா பயணம்: ஈடிஏ, விசா, மஞ்சள் அட்டை

கென்யாவுக்குப் போக இப்போது விசா வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. முன் அனுமதி இல்லாவிட்டால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் சரிதான். 2023 டிசம்பர் 12 அன்று அதிபர் வில்லியம் ரூட்டோ எல்லா நாட்டினருக்கும் விசாவை நீக்குவதாக அறிவித்தார். 2024 ஜனவரி முதல் அதன் இடத்தில் ஈடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம், ஆவணங்கள், கட்டணம், காத்திருப்பு ஆகிய எல்லாம் அதிலும் உண்டு என்பதால், 'விசா இல்லை' என்ற செய்தியை மட்டும் நம்பிக் கடைசி வாரம் வரை சும்மா இருப்பது ஆபத்து.

நானும் என் மனைவியும் நைரோபியில் இறங்கி, அம்போசெலி பூங்காவைப் பார்த்துவிட்டு, நமங்கா எல்லை வழியாகத் தரைமார்க்கமாகத் தான்சானியாவின் அருஷாவுக்குப் போய், கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து அடிஸ் அபாபா வழியாக மும்பை திரும்புவதாகத் திட்டமிட்டோம். ஒரு முகவர் 100 டாலர் விலையுள்ள கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவை எடுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அந்த விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டுமே செல்லும். தான்சானியா அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பலரும் அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குக் கென்யாவின் ஈடிஏ, தான்சானியாவின் விசா என்று இரண்டும் தனித்தனியே தேவைப்பட்டன.

ஆனால் இவ்விரண்டுக்கும் முன்பாக நாங்கள் முடித்தது, கொசு வழியாகப் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. விசா விதிகள் நாம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறோம் என்று பார்க்கின்றன; சுகாதார விதிகளோ நாம் எந்த வழியாக வருகிறோம் என்று பார்க்கின்றன. இந்த வேறுபாடு பிடிபட்ட பிறகுதான் எனக்கு முழு நடைமுறையும் தெளிவாயிற்று. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆகவே இந்தியாவிலிருந்து நேராகக் கென்யாவில் போய் இறங்குபவரைக் கென்யாவின் விதி கட்டாயப்படுத்துவதில்லை. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது தான்சானியா தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கிறது. எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் கேட்பது நம் இந்திய அரசுதான். அதற்குக் காரணமும் இருக்கிறது: நோயைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளமாக உண்டு, மக்களுக்கோ அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது, ஒருவர் கொண்டுவந்தாலும் போதும். நோய் பரவும் நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது.

இந்த ஊசியைக் கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டு பயனில்லை. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதை விரைவுபடுத்தக் கட்டணமோ சிபாரிசோ கிடையாது. மேலும் எல்லா மருத்துவமனைகளிலும் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் தரும் சான்றிதழ்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அத்தகைய மையம். மருந்துக் குப்பி ஒன்றில் பலருக்கான அளவு இருக்கும், திறந்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், நினைத்த நேரத்தில் போய்ப் போட்டுக்கொள்ள இயலாது. முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் நாளில் அசல் கடவுச்சீட்டுடன் போக வேண்டும். இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசி போட்டபின் சிறிது நேரம் அங்கேயே உட்காரவைத்து, பிறகு மஞ்சள் நிற அட்டையைத் தந்தார்கள். அதிலுள்ள கடவுச்சீட்டு எண்ணையும் பெயரையும் அங்கேயே ஒருமுறை ஒத்துப்பார்த்துவிடுவது நல்லது. எல்லையில் இருக்கும் அலுவலரால் அதைத் திருத்தித் தர முடியாது.

ஈடிஏ விண்ணப்பம் அலுப்பூட்டக்கூடியது, ஆனால் கடினமானதன்று. இணையத்தில் தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் வரிசையாக வருகின்றன. அவை அதே வேலைக்குக் கூடுதல் பணம் வாங்குகின்றன. அரசுத் தளத்தின் முகவரி 'கோ டாட் கேஈ' என்று முடியும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, முகப்படம், தங்குமிட முன்பதிவு, வந்துபோகும் பயண விவரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். கட்டணம் 30 டாலர். வங்கி அட்டை வழியாகச் செலுத்தும்போது சற்றுக் கூடுகிறது. குழந்தைகளுக்கும் அனுமதி தேவை. மூன்று வேலை நாட்கள் என்று சொல்லியிருந்தாலும், நடுவில் வரும் விடுமுறைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தான்சானியா விசாவை இந்தியர்கள் எல்லையிலேயே 50 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நான் இணையம் வழியாக முன்பே வாங்கினேன். பேருந்து நிறையப் பயணிகள் இருக்கும்போது நாம் மட்டும் விசா சாளரத்தில் நின்றுகொண்டிருந்தால் ஓட்டுநர் பொறுமை இழப்பார் என்பதே காரணம். விண்ணப்பத்தில் எந்த வாயில் வழியாக நுழையப்போகிறோம் என்ற கேள்வி உண்டு, நமங்காவைத் தேர்ந்தெடுத்தேன். எல்லையில் வாங்க நினைப்பவர்கள் புதிய, கிழியாத டாலர் நோட்டுகளை எடுத்துப்போக வேண்டும். பழைய வரிசை நோட்டுகளை அந்தப் பக்கத்தில் பலரும் வாங்க மறுக்கிறார்கள்.

நைரோபியில் பெரிதாக ஒன்றுமில்லை. புறப்படும் விமான நிலையத்திலேயே ஈடிஏவைச் சரிபார்த்துவிட்டதால், ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் விரல்ரேகை வைத்து, எங்கே தங்குகிறீர்கள் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி வெளியே வந்தோம். பிளாஸ்டிக் பைகளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடை செய்தன. முறுக்கையும் ஊறுகாயையும் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டுபோகும் நம் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான். நாங்கள் துணிப்பைகளையும் எவர்சில்வர் டப்பாக்களையும் கொண்டுபோனோம்.

நமங்கா நைரோபியிலிருந்து ஏறக்குறைய 165 கிலோமீட்டர். அங்கு 2018 முதல் ஒருங்கிணைந்த எல்லைச் சாவடி இயங்குகிறது. தான்சானியாவுக்குப் போகிறவர் கென்யப் பக்கக் கட்டடத்தில் நிற்காமல் நேரே தான்சானியப் பக்கக் கட்டடத்துக்குப் போகிறார். கென்ய அலுவலர் அங்கேயே உட்கார்ந்து வெளியேறும் முத்திரையைக் குத்துகிறார், அதே கூடத்தில் அடுத்த சாளரத்தில் தான்சானிய அலுவலர் நுழைவு முத்திரையைக் குத்துகிறார். முறை தெரியாதவர்கள் முதல் கட்டடத்தில் இறங்கிவிடுவதும் ஓட்டுநர் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வதும் நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது சுகாதார மேசை. அங்கே மஞ்சள் அட்டையைப் பார்த்து, ஊசி போட்ட தேதியை விரலால் எண்ணிச் சரிபார்த்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞரிடம் அட்டை இல்லை. அவரைத் தனியாக அழைத்துப் போனார்கள், பிறகு அவர் எங்கள் வண்டிக்குத் திரும்பவில்லை. விசா சாளரத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாளைக் கேட்டார்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தவர்கள் மின்கலம் தீராமல் இருக்க வேண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு விரல்ரேகை, படம், மூட்டைகளுக்கு ஊடுகதிர்ச் சோதனை. கூடத்திலும் வெளியிலும் படம் எடுக்கக் கூடாது. வாசலில் பணம் மாற்றித் தருவதாகச் சூழ்ந்துகொள்பவர்களுக்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிவிடலாம். அருஷாவில் வங்கிகள் இருக்கின்றன.

அருஷா விடுதியில் நாங்கள் சந்தித்த குடும்பம் அங்கிருந்து சான்சிபாருக்குப் போவதாக இருந்தது. சான்சிபார் தான்சானியாவின் பகுதிதான் என்றாலும், 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் அந்தத் தீவின் அரசு காப்பீட்டு நிறுவனத்திடம் 44 டாலருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீடு கையில் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. அவர்கள் இரவு உணவு மேசையிலேயே கைப்பேசியில் அதைக் கட்டி முடித்தார்கள்.

மும்பையில் குடியேற்றச் சோதனைக்கு முன்பே, ஆப்பிரிக்காவிலிருந்து வருவோருக்கென ஒரு சுகாதார மேசை இருந்தது. கென்யாவில் தங்கியதையும் எத்தியோப்பியா வழியாக வந்ததையும் சேர்த்தே கேட்டார்கள். அட்டையைக் காட்டியதும் அனுப்பிவிட்டார்கள். முன்பெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்த இந்த அட்டை, 2016 ஜூலை முதல் ஆயுள் முழுவதும் செல்லும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது எண் மாறிவிடும். ஆகையால் அட்டையில் உள்ள பழைய எண்ணுக்குச் சான்றாகப் பழைய கடவுச்சீட்டையும் அதனுடனேயே வைத்திருக்கிறோம்.