3 அடுக்கு, 200 பெட்டி: தங்கச்சியின் கல்யாணக் கேக்

சித்தியின் மகளுக்குத் தையில் கல்யாணம். கேக்கை நானே அடித்துத் தருகிறேன் என்று ஐப்பசியில் வாயை விட்டுவிட்டேன். அதுவரை பிறந்தநாள் கேக் மட்டும்தான் அடித்துப் பழக்கம்.

யாழ்ப்பாணத்தில் கல்யாணக் கேக் என்பது பெரும்பாலும் இரண்டு கேக். மேடையில் நிற்பது ரெஜிபோமுக்கு (தெர்மோகோலுக்கு) ஐசிங் பூசிய கோபுரம். வெட்டுவதற்கு மட்டும் அதில் ஒரு நிஜத் துண்டு. சனம் சாப்பிடுவது பெட்டிக்குள் வரும் ரிச் கேக்கை. கோபுரத்தையும் முழுக்க நிஜமாகவே செய்ய எனக்கு ஆசை. தங்கச்சி விடவில்லை. "அக்கா, கோபுரத்தை ஆக்கள் படம்தான் எடுக்கப்போகினம். பெட்டியைத்தான் வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுவினம். நீங்கள் பெட்டியைப் பாருங்கோ."

கார்த்திகையில் முதல் தட்டு. பிளம்ஸ், சுல்தானாஸ், செரி, இஞ்சிப் பாகு, பூசணி தோசி (சீனிப் பாகில் காய்ச்சிய பூசணித் துண்டு) எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பிராந்தியிலும் பன்னீரிலும் 10 நாள் ஊறவைத்திருந்தேன். இந்தக் கேக்குக்கு மா இல்லை, ரவைதான். அதை வறுத்துச் சூட்டோடு பட்டரில் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் ரவை பட்டரை இழுத்து மெதுவாகும். "வாசம் வரவேணும், நிறம் மாறக்கூடாது" என்று அம்மம்மா அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வேலை சரியாக வந்தது. பிழைத்தது அவணில். 160 பாகையில் வைத்தேன். மேல் கறுத்தது, நடு களியாகவே இருந்தது. அடுத்த முறை தட்டின் அடியிலும் சுற்றிவரவும் பழைய பேப்பரை நாலைந்து மடிப்பாக வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரித்து, 140 பாகையில் இரண்டரை மணித்தியாலம். கத்தி சுத்தமாக வெளியே வந்தது.

மேலே பூச கஜு (முந்திரிப்பருப்பு) ஐசிங். முதல்தரம் கஜுவை விடாமல் அரைத்ததில் எண்ணெய் கக்கி அல்வா மாதிரிச் சுருண்டது. ஐசிங் சீனியில் கொஞ்சத்தைச் சேர்த்து விட்டுவிட்டு அடித்தால் உதிரியாக வருகிறது.

பெரிய சறுக்கல் கணக்கில். ஒரு துண்டு 2 அங்குலத்துக்கு 1 அங்குலம். தட்டு 10க்கு 10. ஆக ஒரு தட்டில் 50 துண்டு, 4 தட்டில் 200 என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். வெட்டும்போதுதான் தெரிந்தது, ஓரம் காய்ந்திருக்கும், அதைச் சீவாமல் பெட்டியில் வைக்க முடியாது. நாலு பக்கமும் அரை அங்குலம் சீவினால் மிச்சம் 9க்கு 9. அதில் தேறுவது 40 துண்டுதான். கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு துண்டாக வெட்டி 160ஐ எண்ணி முடித்தபோது கல்யாணத்துக்கு ஆறு நாள். சீவிய ஓரங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். மறுநாள் டின் காலி. வீட்டில் யாரும் எடுக்கவில்லையாம்!

அன்றிரவே ஐந்தாவது தட்டு அடித்தேன். மற்றவை மாதக்கணக்கில் பிராந்தி குடித்து இறுகியவை. இதற்குக் கிடைத்தது நாலு நாள்.

கோபுரத்துக்கு வருகிறேன். 12, 9, 6 அங்குலத்தில் மூன்று வட்டம், வெள்ளை ஐசிங், ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும் மல்லிகைச் சரம். அவ்வளவுதான். மயில் வேண்டும் என்று சித்தி கேட்டார், நான் காது கேளாத மாதிரி இருந்துவிட்டேன். சீனிப் பசையில் மொட்டு உருட்டுவது சுகம், மாரி மழை ஈரத்தில் காயவைப்பதுதான் பாடு. மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் வைத்தும் தொய்ந்தன. பசையை இறுக்கும் சி.எம்.சி. பவுடரை அதில் கலந்து திரும்ப உருட்டிய பிறகே விறைப்பாக நின்றன.

ஐந்தாவது தட்டுத் துண்டுகளுக்கு மட்டும் நீல றிபன் கட்டி எங்கள் வீட்டாருக்கே ஒதுக்கினேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மம்மா ஒன்றைப் பிரித்து ஓரத்தைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "இது பிந்தி அடிச்சதெல்லோ?" என்றார்.